தோட்டா மறுநிரப்பும் வேட்டைக்காரருக்கு உயர்ரகப் பித்தளைக் கூடு தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளுள் ஒன்றில் என் தந்தையார் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். குடமும் செம்பும் சருவமும் அடுக்கியிருந்த அந்தக் கடையில் வளர்ந்த நான், வேலையின் பொருட்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கே உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகவும், சுட்ட தோட்டாவின் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டேன். பாளையங்கோட்டைக்கு வரும்போதெல்லாம் வீட்டுத் திண்ணையில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளையும், டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் குடியேறியிருக்கும் நம் ஊர்த் தம்பிகள் கேட்கும் கேள்விகளையும் இங்கே விடைகளோடு தொகுத்திருக்கிறேன்.

தோட்டாவை மறுநிரப்புவது என்றால் என்ன? அதில் பித்தளைக் கூட்டின் பங்கு என்ன?

ஒரு துப்பாக்கித் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு. பாய்ந்து செல்லும் குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. சுட்டபின் முதல் மூன்றும் செலவாகிவிடுகின்றன. கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்த அந்தக் கூட்டை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைப்பதே மறுநிரப்புதல். பலமுறை திரும்ப வருவது கூடு ஒன்றுதான் என்பதால், அதை எவ்வளவு விலை கொடுத்து வாங்கலாம் என்ற கேள்வி இந்தப் பழக்கத்துக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் எழுகிறது.

அண்ணாச்சி, இதை நம் ஊரிலேயே செய்ய முடியாதா?

முடியாது, தம்பி. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவிகளுங்கூட அந்தச் சட்டம் 'தோட்டா' என்று சொல்லும் வரையறைக்குள் அடங்கும். ஆகவே வெறும் கூட்டையும் அச்சையும் வீட்டில் வைத்திருப்பதே வழக்குக்கு வழிவகுக்கும். உங்கள் வீட்டில் பாட்டனார் காலத்திலிருந்து முறையான உரிமத்தோடு, இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 துப்பாக்கி இருந்தாலும், அதற்குரிய தோட்டாவை உரிமம் பெற்ற கடையில், உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு உட்பட்டுத்தான் வாங்க வேண்டும்.

வேட்டையைப் பற்றியும் அதே உறுதியோடு சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் சேர்ந்தபின் நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. களக்காடு சரணாலயமும் முண்டந்துறைச் சரணாலயமும் 1988-இல் ஒரே புலிகள் காப்பகமாக இணைந்தன; அந்த மலைச்சரிவில் திரியும் மிளாவையும் புள்ளிமானையும் பார்த்துவிட்டு வருவதே நமக்குள்ள உரிமை. அடிவாரத்தில் வாழையும் நெல்லும் பயிரிடுகிறவர்கள் காட்டுப்பன்றியால் படும் பாட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களுடைய இழப்பு சிறியதன்று. எனினும் அதற்குத் தீர்வு காணும் பொறுப்பு வனத்துறையிடம் இருக்கிறதே தவிர, தோட்டக்காரர் தாமாகத் துப்பாக்கி எடுப்பதற்குச் சட்டத்தில் வழியில்லை. இனி நான் எழுதுவதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்காக.

உயர்ரகக் கூடு என்று எதைச் சொல்கிறார்கள்? அதில் வேறு பித்தளையா இருக்கிறது?

கடைக்காரர் மகன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. உலோகம் ஏறத்தாழ ஒன்றே. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவைக்கே தோட்டாப் பித்தளை என்று பெயர். விலை குறைந்த கூடும் விலை கூடிய கூடும் இந்தக் கலவையில்தான் செய்யப்படுகின்றன. செம்பு இந்த அளவு இருந்தால்தான் பித்தளை, கிழியாமல் நீண்டு கொடுக்கும். தட்டையான வில்லை ஒன்றைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தைப் பல படிகளாக இழுத்து இழுத்து நீண்ட குழலாக்கும் வேலைக்கு அந்தக் குணம் இன்றியமையாதது.

வேறுபாடு எல்லாம் செய்நேர்த்தியில் இருக்கிறது. குழலை இழுக்கும்போது ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகாமல் பார்த்துக்கொள்வது, எல்லாக் கூடுகளின் எடையும் உட்கொள்ளளவும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கச் செய்வது, பிரைமர் தீ உள்ளே பாயும் தீத்துளையைப் பிசிறில்லாமல் நடுமையத்தில் அமைப்பது, அடிப்பகுதியைக் கடினமாகவும், குண்டைப் பிடிக்கும் கழுத்தை இளக்கமாகவும் பதப்படுத்துவது ஆகிய நான்கும் சேர்ந்தே விலையை ஏற்றுகின்றன. பின்லாந்தின் லாப்புவா, சுவீடனின் நோர்மா, பென்சில்வேனியாவின் பீட்டர்சன், யூட்டா மாநிலத்தின் ஆல்ஃபா ஆகியவற்றை உயர்ரகம் என்ற வரிசையில் வைப்பது வழக்கம். வின்செஸ்டர், ஹார்னடி, ரெமிங்டன், ஃபெடரல் ஆகியவை சாதாரண விலையில் கிடைப்பவை. மிசூரி மாநிலத்தின் ஸ்டார்லைன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

புதிதாக வாங்கிய கூட்டின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த கறை இருப்பதைக் கண்டு, பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு தம்பி என்னிடம் வருந்தினார். அது நெருப்புக் காட்டிப் பதப்படுத்தியதன் தழும்பு. எல்லாத் தொழிற்சாலைகளும் அந்த வேலையைச் செய்கின்றன. சிலர் பிறகு மெருகேற்றிக் கறையை நீக்குகிறார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: மான் வேட்டைக்குப் போகிறவன் உயர்ரகக் கூடு வாங்க வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே உற்பத்தித் தொகுதியில் 50 சாதாரணக் கூடுகளை வாங்கி, அவற்றைக் கலக்காமல், ஒழுங்காகத் தயார்செய்து பயன்படுத்துகிற வேட்டைக்காரருக்கு, விலை கூடிய பெட்டி தரக்கூடிய கூடுதல் நன்மை காட்டில் கண்ணுக்குத் தெரியாது. சிலருக்கு மட்டும் அது உண்மையாகவே பயன்படும். அவர்கள் யார் என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

துல்லியம் கூடும் என்கிறார்களே, அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் எந்தத் தொலைவில் என்பதைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கூடுகளின் உட்கொள்ளளவு ஒன்றுக்கொன்று மாறுபட்டால், அளந்து போட்ட மருந்து ஒன்றேயானாலும் அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும். கழுத்தின் தடிப்பு மாறினால் குண்டைப் பிடித்திருக்கும் பிடி மாறும். அதுவும் வேகத்தில் தெரியும். நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு ஒன்றில் 30 அடி வேகம் கூடியோ குறைந்தோ போவதாக வைத்துக்கொள்வோம். 200 கெஜத் தொலைவில் இதனால் குண்டு விழும் இடம் கால் அங்குலம் அளவுக்கே மேலோ கீழோ மாறும். 600 கெஜத்தில் அதே மாற்றம் இரண்டு அங்குலத்தைத் தாண்டிவிடும்.

மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறத்தாழ எட்டு அங்குல அகலம் உடையது. டெக்சாசின் கருவேல மரங்களுக்கும் முட்புதர்களுக்கும் நடுவே நாங்கள் சுடும் தொலைவு பெரும்பாலும் 100 முதல் 200 கெஜம் வரை. அங்கே கால் அங்குலம் எந்த மானின் முடிவையும் மாற்றாது. குளிரில் நடுங்கும் விரலும், மேலேறி வந்த மூச்சும், சரியாக ஊன்றாத முழங்கையும் பல அங்குலங்களை மாற்றிவிடும். கூட்டுக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தில் இன்னும் இரண்டு பெட்டிக் குண்டு வாங்கி, சுடுகளத்தில் முழங்காலிட்டும் நின்றும் பழகுகிறவர் காட்டில் விலங்கைத் துன்புறுத்தாமல் ஒரே தோட்டாவில் வீழ்த்துவார். எனக்கு இதில் மிகுந்த அக்கறை உண்டு. காயத்தோடு தப்பிய மானை இருட்டும் வரை இரத்தத் தடம் பார்த்துத் தேடிய ஒரு மாலையை நான் மறக்கவில்லை. அன்று தவறியது என் ஊன்றுகை.

விலைக் கணக்கை விளக்க முடியுமா? நெடுநாள் உழைக்கும் என்றால் லாபம்தானே?

குடம் வாங்க வருகிறவரிடம் என் தந்தையார் சொல்லும் கணக்கே இதற்கும் பொருந்தும். ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதோடு, நாம் அதை அத்தனை நாள் உழைக்க விடுவோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வழக்கமான அளவுகளில் உயர்ரகக் கூடு ஒன்று ஒரு டாலருக்கும் சற்றே மேல், சாதாரணக் கூடு அதில் ஏறத்தாழப் பாதி. கணக்குக்காக 50 சாதாரணக் கூடுகள் 35 டாலர் என்றும், 50 உயர்ரகக் கூடுகள் 65 டாலர் என்றும் கொள்வோம். மிதமான மருந்தளவில் முதல் வகை ஆறு முறையும் இரண்டாம் வகை பன்னிரண்டு முறையும் நிற்பதாக வைத்தால், முதலாவதில் 300 வெடியும் இரண்டாவதில் 600 வெடியும் கிடைக்கும். ஒரு வெடிக்குக் கூட்டுச் செலவு முதலாவதில் 12 சென்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவதில் 11 சென்டுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒரு சென்ட்.

இப்போது வேட்டைக்காரரின் ஆண்டைப் பாருங்கள். பருவம் தொடங்குமுன் துப்பாக்கியின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் பழகுவதற்கும் முப்பதோ முப்பத்தைந்தோ தோட்டா, காட்டில் இரண்டோ மூன்றோ. ஆண்டுக்கு 40 என்றாலும் சாதாரணக் கூடுகளே ஏழு ஆண்டுகளுக்கு வரும். உயர்ரகக் கூடுகளின் ஆயுள் முடிய 15 ஆண்டுகள் ஆகும். அதற்குள் துப்பாக்கியை மாற்றிவிடுகிறவர்களும், புல்லுக்குள் கூட்டைத் தொலைத்துவிடுகிறவர்களுமே மிகுதி. அரைத் தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். அது கூட்டைப் பத்தடி தூரத்துக்கு வீசி எறியும், முட்புதருக்குள் போனது போனதுதான்.

ஆகவே பணக் கணக்கில் இரண்டும் ஏறக்குறையச் சமம். உயர்ரகம் உண்மையில் மிச்சப்படுத்துவது உழைப்பை. சாதாரணக் கூடுகளை எடை பார்த்துப் பிரிப்பது, தீத்துளையின் உட்பிசிறை நீக்குவது, நசுங்கிய வாயை வட்டமாக்குவது, நீளத்தைச் சமமாக வெட்டுவது என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் போய்விடும். அந்த வேலையை மனம் ஒன்றிச் செய்கிறவருக்கு அது இன்பம். இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரமில்லாமல் திண்டாடுகிறவருக்கு 30 டாலர் கொடுத்து அந்தச் சனிக்கிழமையை வாங்கிக்கொள்வதும் நியாயமே.

ஒரு கூட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்? எப்போது கழிக்க வேண்டும்?

எண்ணிக்கையைவிட அடையாளங்களை நம்ப வேண்டும். மேலே கணக்குக்காக ஆறு, பன்னிரண்டு என்று எழுதினேனே தவிர, மருந்தின் அளவும் துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையும் அச்சைச் சரிசெய்த விதமும் அந்த எண்ணை இரண்டாகவும் ஆக்கும், இருபதாகவும் ஆக்கும்.

மூன்று வகையில் கூடு சாகும். கழுத்தில் நீளவாக்கில் கீறல் விழுவது முதல் வகை. இது பார்த்தவுடன் தெரியும், பெரிய ஆபத்தும் இல்லை. பிரைமர் குழி தளர்ந்து, புதிய பிரைமர் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே வழுக்கிப் போவது இரண்டாவது. மருந்தை அளவுக்கு மீறிப் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, கூடு இரண்டாக அறுந்துபோவது மூன்றாவது. இதுவே கொடியது. .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் போன்ற தோட்டாக்களுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. காரின் டயரில் 32 அல்லது 35 பவுண்டு காற்று அடைக்கிறோம் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வாயு அறுந்த கூட்டின் வழியே பின்னோக்கி வந்தால் கண்ணுக்கும் முகத்துக்கும் கேடு.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி காகிதம் கோக்கும் கம்பிக் கிளிப்பு ஒன்றே. அதை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் மிகச் சிறிதாக வளைத்து, கூட்டின் வாய் வழியே அடிவரை விட்டு, உட்சுவரைத் தடவியபடி மெல்ல மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் நுனி வழுவழுவென்று ஏறும். மெலிந்த கூட்டில், அடியிலிருந்து சிறிது தூரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். முதன்முதலில் அது என் விரலில் தட்டியபோது, வெளிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மயிரிழை அளவு வெளிறிய வளையம் ஒன்று அதே உயரத்தில் பளிச்சென்று ஓடியது. அந்தத் தொகுதி முழுவதையும் அன்றே கழித்தேன்.

இந்த நோய்க்குக் காரணம் பெரும்பாலும் அச்சை அளவுக்கு மேல் இறக்கி, கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியாகிய தோளைத் தேவைக்கு மிஞ்சிப் பின்னுக்குத் தள்ளுவது. சுட்ட கூட்டின் தோளை ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலம் மட்டும் பின்தள்ளினால் போதும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டவரின் சாதாரணக் கூடு, கற்றுக்கொள்ளாதவரின் உயர்ரகக் கூட்டைவிட நெடுநாள் நிற்கும்.

கழுத்தை நெருப்பில் காட்டிப் பதப்படுத்துகிறார்களே, அது எதற்கு?

பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும். நம் பாத்திரத் தொழிலாளர்கள் ஒரு சருவத்தை ஒரே மூச்சில் அடித்து முடிப்பதில்லை. சிறிது நேரம் அடித்தபின் உலையில் காய்ச்சி எடுத்து, இளகியபின் மீண்டும் அடிப்பார்கள். எங்கள் கடைக்கு ஒடுக்கெடுக்க வரும் பழைய குடங்களில், பலமுறை நசுங்கி நசுங்கி நிமிர்த்தப்பட்ட கழுத்தில் நெடுக்குவாட்டில் கீறல் விட்டிருப்பதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். டெக்சாசில் என் கொட்டகையில், ஏழாவது முறை நிரப்ப எடுத்த கூட்டின் கழுத்தில் அதே கீறலைக் கண்டபோது, கடையின் புளிவாசம் மூக்கில் ஏறியது போலிருந்தது. ஒவ்வொரு முறையும் வெடிப்பு அந்தக் கழுத்தை விரிக்கிறது, அச்சு அதைச் சுருக்குகிறது. சுத்தியல் அடி போலத்தான். சில முறைக்கு ஒரு தடவை கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடிகள் சுடரில் சுழற்றிக் காட்டினால் இறுக்கம் நீங்கும்.

ஒன்றை மிக அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டின் அடிப்பகுதிக்கு அந்தச் சூடு போகவே கூடாது. அடி இளகிய கூடு அழுத்தத்தைத் தாங்காது. எந்தச் சூட்டில் உருகும் என்று குறித்துள்ள வெப்பங்காட்டி மையைத் தோளுக்குக் கீழே பூசிப் பழகாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பித்தளைக்குள் தங்கிய இறுக்கம் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் தொடாமலே தாமாக விரிசல் விட்டன. மழைப் பருவத்தில் நேர்வதால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயரிட்டார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டைச் செய்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். இறுக்கத்தைச் சூடுகாட்டி நீக்கியதும் அந்தத் தொல்லை அடங்கியது. இன்றும் அம்மோனியா கலந்த மெருகுப் பூச்சால் தோட்டாக் கூட்டைத் துடைக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் புளி போட்டுத் துலக்கலாமா?

என் அத்தை கேட்ட கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. புளியில் உள்ள அமிலம் பித்தளைக் கறையை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் நாம் புளியோடு உப்பும் சேர்த்துத் துலக்குகிறோம். உப்பு பித்தளையை அரிக்கும். புளிச் சக்கை தீத்துளையில் அடைத்துக்கொண்டால் பிரைமரின் தீ மருந்துக்குப் போகாது. எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து, கூடுகளைச் சில நிமிடங்கள் மட்டும் ஊறவைத்து, நன்றாக அலசி முழுக்க உலர்த்துவது போதும். நெடுநேரம் ஊறிய கூடு செம்பைப்போல் இளஞ்சிவப்பாக மாறினால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட்டது என்று பொருள். அதைக் கழித்துவிட வேண்டும்.

உயர்ரகக் கூடு யாருக்குத்தான் உண்மையில் பயன்படும்?

400 கெஜத்துக்கு மேல் இரும்புத் தகட்டையோ தாளையோ குறிவைத்து ஆண்டுக்கு ஆயிரம் தோட்டா சுடுகிறவருக்குப் பயன்படும். வேகத்தின் ஏற்ற இறக்கம் அவருடைய மதிப்பெண்ணில் தெரியும்; பிரைமர் குழி இறுக்கமாக நெடுநாள் நிற்பதும் அவருக்கு வேண்டும். அடியில் பட்டை வைத்த பெரிய மேக்னம் தோட்டாக்களைச் சுடுகிறவருக்கும் பயன்படக்கூடும். எளிதில் கிடைக்காத பழைய அளவு ஒன்றில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வேறு வழியே இல்லாமல் போகலாம். அந்த அளவைச் செய்கிறவர் ஒருவரே என்றால் அவர் சொல்வதே விலை.

.30-30 போன்ற குறைந்த அழுத்தத் தோட்டா வைத்திருப்பவர் இதைப் பற்றி எண்ணவே வேண்டியதில்லை. மறுநிரப்புவதை இப்போதுதான் கற்கத் தொடங்குகிறவரும் அப்படியே. முதல் ஐம்பதில் சிலவற்றின் தோளை நசுக்கியும், மசகு எண்ணெய் போதாமல் அச்சுக்குள் சிக்கவைத்தும்தான் எல்லாரும் கற்கிறோம். அந்தப் படிப்புக்கு விலை குறைந்த கூடே தகும்.

வாங்கிய உயர்ரகக் கூட்டில் என் அச்சின் ஊசி உடைந்துவிட்டது. கூடு பழுதா?

பழுதில்லை. எனக்கும் அது நேர்ந்தது. சில உயர்ரகக் கூடுகளில் பெரிய பிரைமருக்குப் பதிலாகச் சிறிய பிரைமரும், அதற்கேற்பச் சிறிய தீத்துளையும் வைத்திருப்பார்கள். வழக்கமான துளை 0.080 அங்குலம், அவற்றில் 0.059 அங்குலம். பழைய பிரைமரைத் தள்ளும் வழக்கமான ஊசி அந்தத் துளைக்குள் நுழையாமல் வளையும், அல்லது ஒடியும். மெல்லிய ஊசி தனியாகக் கிடைக்கிறது. சிறிய பிரைமர் கடும் குளிரில் சில மருந்துகளைத் தடுமாற்றத்தோடு பற்றவைக்கும் என்பதால், கொலராடோ பக்கம் பனியில் வேட்டைக்குப் போகிறவர்கள் பெரிய பிரைமர் வகையையே கேட்டு வாங்குவது நல்லது.

பிறர் சுட்டுப் போட்ட பழைய கூடுகள் மூட்டையாகக் கிடைக்கின்றனவே?

நான் ஒருமுறை வாங்கி வருந்தியிருக்கிறேன். ஒரே முறை சுட்டவை என்று சொல்லி விற்ற மூட்டையில் நான்கைந்து நிறுவனங்களின் முத்திரைகளும் கலந்திருந்தன. சிலவற்றில் நான் மேலே சொன்ன வெளிறிய வளையமும் இருந்தது. யாருடைய துப்பாக்கியில் எத்தனை முறை வெடித்தவை என்று தெரியாத கூட்டை நம்ப முடியாது. படைத்துறைக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நெருக்கி அடித்திருப்பார்கள், அதை நீக்கினால்தான் புதிய பிரைமர் போகும். அவற்றின் சுவரும் பெரும்பாலும் தடிப்பாக இருப்பதால் உள்ளிடம் குறையும்.

உள்ளே நோக்கும்போது நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை. வழக்கமான கருவியால் அதன் பிரைமரைத் தள்ள இயலாது. நடுவில் ஒற்றைத் துளை உள்ள வழக்கமான வகைக்குப் பாக்சர் என்று பெயர். இவற்றுக்குப் பெயர் தந்தவர்களில் பெர்டன் அமெரிக்கர், பாக்சர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் பரவியது பாக்சர் வகை, ஐரோப்பாவில் பரவியது பெர்டன் வகை.

நிறுவனத்தை மாற்றினால் பழைய மருந்தளவையே போடலாமா?

கூடவே கூடாது. தடித்த கூட்டில் உள்ளிடம் குறைவு. அதே மருந்து அதில் கூடுதல் அழுத்தத்தை உண்டாக்கும். மருந்து நிறுவனம் அச்சிட்ட அட்டவணையின் தொடக்க அளவுக்குத் திரும்பிப்போய், அங்கிருந்து படிப்படியாக ஏற வேண்டும். சாதாரணக் கூட்டில் நன்றாக இருந்த அளவை உயர்ரகக் கூட்டில் அப்படியே ஊற்றுவதுதான் நம் தம்பிகள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் கூடு வாங்கலாமா?

வாங்குமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள். அமெரிக்க ஒன்றியச் சட்டம், குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அந்தச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது வெறும் கூட்டையும் பிரைமரையும் குண்டையும் மருந்தையும் தனித்தனியே சேர்த்துக்கொள்கிறது என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். உரிமம் காலாவதியான மறுநாள், அலமாரியில் இருக்கும் அந்தப் பெட்டியே உங்கள் விசாவுக்கு ஆபத்தாகலாம். அனுமதி உள்ளவர் தம் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளத் தனி உரிமம் வேண்டாம். நிரப்பியதை விற்பதற்கு வேண்டும்.

ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வெற்றுக் கூடு கொண்டு வாருங்களேன், சித்தப்பா?

மாட்டேன், மகனே. மேலே சொன்ன ஆயுதச் சட்ட வரையறையால், பையின் மூலையில் மறந்துபோய்க் கிடந்த ஒரு கூட்டுக்காக விமான நிலையத்தில் மணிக்கணக்கில் நிற்கவும், காவல் நிலையம் வரை போகவும் நேரலாம். புறப்படுமுன் வேட்டைக்குக் கொண்டுபோன பையை நான் பயணத்துக்கு எடுப்பதே இல்லை.

கழித்த கூடுகளை என்ன செய்வது?

எங்கள் கடையில் ஓட்டைக் குடத்தைக் கொடுத்தால் எடை போட்டு, பழைய பித்தளை விலைக்குக் கழித்துக்கொண்டு புதுக்குடம் தருவோம். டெக்சாசிலும் பழைய உலோகம் வாங்குகிறவர்கள் தோட்டாக் கூட்டை எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கொடுக்குமுன் ஒவ்வொன்றின் வாயையும் இடுக்கியால் நசுக்கிவிடுவது என் வழக்கம். கீறிய கூட்டை நல்லது என்று நினைத்து இன்னொருவர் எடுத்து நிரப்பிவிடக் கூடாது. வெடிக்காத பிரைமர் ஒன்றுகூட அந்தக் குவியலில் இருக்கலாகாது. உலையடியில் நிற்கும் தொழிலாளிக்கு அது தெரியாது. ஆகவே கடைசியாக ஒருமுறை தட்டில் பரப்பி, ஒவ்வொன்றின் அடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பின்பே சாக்கில் போடுகிறேன்.